கொஞ்சம் அந்த லைட்ட…

ஐயா ஒரு வாக்கியத்தை மட்டும் கடைசி வரைக்கும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. “கொஞ்சம் அந்த லைட்ட…” என்பார். அதோடு நின்றுவிடும். வலது கை விரல்களை மெதுவாக மூடிக் காட்டுவார். மிச்சத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளில் விளக்கை ‘அணை’ என்று சொல்ல மாட்டோம். வாயில் வரக் கூடாத சொல் அது. ஐயாவும் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், எங்களைப் போல வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்தான், அவருக்குத் தெரியும். ‘ஓஃப் பண்ணுங்க’ என்று சொல்லியிருக்கலாம். பல்புக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்குமாம். அதனால் பாதியிலேயே விட்டுவிடுவார். அதிகாரம் பண்ணியிருந்தால் எங்களில் யாராவது ஒருத்தர் எதிர்த்துப் பேசியிருப்பார். பாதியில் விட்ட பேச்சை எப்படி எதிர்ப்பது?

தலவாக்கலையில் இருந்து லிந்துலைக்குப் போகிற பஸ் பாதையை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அங்கே தேயிலை ஃபெக்டரியில் அவர் டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே போவதில் இருந்து தூள் சாக்கில் ஏறுகிற வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. பகலெல்லாம் தேயிலை, பொழுது விழுந்தால் வானம். சந்திரன், வியாழன், சனி, அதற்கும் அப்பால் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளிமேகங்கள் என்று எல்லாவற்றையும் படம் பிடிப்பார். அதுவும் எங்கே? எங்கள் மலையில். வருசத்தில் பாதி நாள் எதிர்மலையே தெரியாது. மழை விட்டால் பனி, பனி விட்டால் திரும்ப மழை. மீன் இல்லாத குளத்தில் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர் என்றுதான் எங்களுக்கு அவர் மேல் முதலில் இரக்கம் வந்தது. வானம் வெளிக்கிற அந்தக் கொஞ்ச நாட்களில்தான் எங்கள் வீட்டுப் பல்புகள் அவருக்குக் குறுக்கே வந்தன.

அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. அவர் மேல் கோபமும் இருக்கிறது. அக்கா செத்த பிறகு எங்கள் வீட்டில் எரிந்த லைட்டைப் பற்றிய கோபம் அது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் ஒரே ஆள்தான்.

தோட்டத்து உத்தியோகத்தர்கள் எங்களோடு எப்படிப் பேசுவார்கள் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் அம்மாவின் வயதில் இருப்பவர்களையும் ‘ஏய், இங்க வா’ என்று கூப்பிடுவார்கள். ஐயா மட்டும் எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். வாங்கம்மா, உக்காருங்கம்மா, சாப்பிட்டீங்களா. கூட்டுகிற பெண்ணுக்கும் ‘ங்க’, லொறியில் கொழுந்து ஏற்றுகிறவருக்கும் ‘ங்க’. அம்மா அந்த ‘ங்க’வில் அப்படியே கரைந்துபோவாள். “தங்கமான மனுசன்” என்பாள். அந்தத் தங்கமான மனுசன் வாசலில் வந்து நின்று “கொஞ்சம் அந்த லைட்ட…” என்றால் அம்மா அடுப்படி லைட்டையும் சேர்த்து ஓஃப் பண்ணிவிடுவாள், நாங்கள் இருட்டில் சோற்றைத் தடவிச் சாப்பிடுவோம்.

அவருடைய குவாட்டர்ஸ் ஃபெக்டரிக்கு மேலே, ஒரு மேட்டில் இருந்தது. ஜன்னல்களில் கறுப்புத் துணி. முற்றத்தில் மூன்று கால் வைத்த ஸ்டாண்டில் கெமராவைப் பூட்டியிருப்பார். அதற்கு அடியில் ஒரு சின்ன மோட்டார், வானம் நகர்கிற வேகத்துக்கு கெமராவையும் நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு படம் ஆக்குவார். மேட்டுக்குக் கீழே, மேற்குப் பக்கமாக எங்கள் பணிய லயம், அதாவது கீழ் லயம். அதற்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை, அக்கா கொழுந்து பறிக்கிற இடங்களில் ஒன்று. ஆகையால் அவர் மேற்கு வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டும்.

அவர் முதலில் ஊருக்குக் கொடுத்தது பயம். இருட்டில் நடக்கும்போது கண் கூசக் கூடாது என்று டோர்ச்சுக்குச் சிவப்புக் கடதாசி கட்டி வைத்திருந்தார். கோயில் திருவிழாவில் பந்தலுக்கு ஒட்டுகிற அந்தக் கண்ணாடிக் கடதாசிதான். மேட்டில் இருந்து ஒரு சிவப்பு வெளிச்சம் அசைந்து அசைந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு எங்கள் லயமே கதவைச் சாத்தியது. முனி இறங்குது என்றார்கள். அடுத்த நாள் பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். கூட்டத்தில் நின்ற ஐயா யாருக்கு இந்தப் பூசை என்று கேட்க, யாரோ விசயத்தைச் சொல்ல, மனிதர் பாக்கெட்டில் இருந்து டோர்ச்சை எடுத்து எல்லோர் முன்னாலும் அடித்துக் காட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

அக்காவுக்கு அவர் என்றால் ஒரு விளையாட்டு. என்னைப் போல் முறைக்க மாட்டாள். மலையில் இருந்து வந்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணிக் கோப்பையோடு மேட்டுக்கு ஏறிப் போய் “இன்னிக்கி என்னாங்கய்யா புடிக்கப் போறீங்க?” என்று கேட்பாள். ஒருநாள் திரும்பி வந்தவள் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

“அடியே, பாவம்டி. கெமராவுக்கு மூடியப் போட்டுக்கிட்டே போட்டோ எடுக்கிறாரு. ஒண்ணு ரெண்டு இல்ல, எடுத்துக்கிட்டே இருக்காரு. சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு வந்துட்டேன்.”

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சொல்லிவிடுவது என்று முடிவு. ஐயாவுக்கு அப்படி ஒரு சந்தோசம், இதைக் கேட்க இத்தனை நாளாக ஒருத்தரும் வரவில்லையே என்று.

“வேணும்னுதான் மூடி போட்டிருக்கேன் புள்ள,” என்றார். “வெளிச்சமே இல்லாட்டியும் கெமராவுக்குள்ள ஒரு இரைச்சல் இருக்கும். இல்லாத புள்ளிய இருக்கிற மாதிரிக் காட்டும். மூடியப் போட்டு இருட்ட மட்டும் எடுத்தா, அதோட பொய் என்னான்னு தெரிஞ்சிரும். பொறகு நல்ல படத்துல இருந்து அந்தப் பொய்யக் கழிச்சிரலாம்.”

“எல்லாருக்கும் ஒரு மூடி செஞ்சு குடுங்கய்யா, மொதல்ல எங்க கங்காணிக்கு,” என்றாள் அக்கா. அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். பிறகு கொம்பியூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். லட்சக்கணக்கான நட்சத்திரம், புகை மாதிரி ஏதோ. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, “தூள் சலிக்கிற ரூம்புல ஜன்னல் வெளிச்சம் விழுந்தா இப்படித்தாங்கய்யா இருக்கும்,” என்றாள். அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். தோட்டத்துக்கு வந்த தேயிலைத் தரகரிடம்கூடச் சொன்னாராம்.

தொப்பி கட்டியது அதற்குப் பிறகு. தேங்காயெண்ணெய்த் தகரங்களை வெட்டி, வளைத்து, உள்பக்கம் வெள்ளை அடித்து, ஏணியும் கையுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக வந்தார். ஒவ்வொரு வீட்டு இஸ்தோப்பிலும், அதுதான் எங்கள் முன்வாசல், வெளியே தொங்குகிற பல்புக்கு மேல் ஒரு தகரத் தொப்பி. வெளிச்சம் மேலே போகாமல் வாசலில் மட்டும் விழும். மழை படாமல் இருக்க ஐயா செய்து தருகிறார் என்று எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். எனக்கு விசயம் தெரியும். அப்போது நான் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர், வாய் கொஞ்சம் நீளம். ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டேன்.

“ஐயா, இந்த லயத்துக்குக் கரண்ட் வந்த அன்னைக்கி எங்கம்மா பல்பப் பாத்து அழுதாங்களாம். இத்தன தலைமுறையா குப்பி லாம்புல கெடந்தோம். இப்பத்தான் ஒரு பல்ப் எரியுது. ஒங்களுக்கு அது கண்ண உறுத்துதா?”

அவர் ஏணியில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். “எங்கம்மாவும் அழுதாங்க புள்ள,” என்றார். “நான் வெளிச்சம் வேணாம்னு சொல்லல. ஒங்களுக்கு வேண்டியது ஒங்க வாசல்ல விழட்டும். மேல போறது யாருக்கும் பிரயோசனம் இல்லியே.”

நியாயம்தான். அவர் சொன்னது எப்போதும் நியாயமாகத்தான் இருந்தது. தொப்பி போட்ட பிறகு வாசலில் வெளிச்சம் முன்னைவிடக் கூடியிருந்ததும் உண்மை. கோபப்படவும் வழியில்லாமல் நான் தகரம் வெட்டின கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு மனிதரின் ஆசை எவ்வளவு தூரத்துக்குப் போகும் என்று நான் பயந்தது, நாடே கரண்ட் இல்லாமல் கிடந்த வருசத்தில். டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள். பிள்ளைகளுக்கு மெழுகுதிரியும் கிடைக்கவில்லை. ஃபெக்டரியில் வாடப் போட்ட கொழுந்து காற்றாடி சுற்றாமல் புழுங்கி நாறியது. எந்த டீமேக்கருக்கும் வயிறு எரிய வேண்டிய விசயம். அவருக்கும் எரிந்தது. ஆனால் பொழுது விழுந்து, ஹட்டன் பக்கம், நுவரெலியாப் பக்கம், எல்லா ஊரும் ஒன்றாக இருட்டாகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“ஐயா மூஞ்சியப் பாரு, பொண்ணு பாக்கப் போற மாதிரி,” என்றாள் அக்கா.

கொழுந்து லொறி ஓட்டுகிற சிங்களவர் தலையில் ஒரு விரலைச் சுற்றிக் காட்டி, “மாத்தயாட்ட பிஸ்ஸு” என்று சிரித்தார். ஐயாவுக்குப் பைத்தியம் என்று அவர் அன்போடுதான் சொன்னார். தோட்டத்து மெனேஜர் தொரை அன்போடு சொல்லவில்லை. கொழுந்து அழுகுகிற நேரத்தில் மேட்டில் என்ன செய்கிறாய் என்று ஃபெக்டரி வாசலில் வைத்தே ஏசினாராம். ஐயா தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். அன்றைக்கும் பொழுது விழுந்ததும் மேட்டுக்கு ஏறினார். போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே அம்மாவிடம் சொன்னார்: “எனக்கே வெக்கமா இருக்குங்கம்மா. ஊரு இப்படிக் கஷ்டப்படுது. ஆனா இப்பேர்ப்பட்ட இருட்டு இனிக் கெடைக்காது.” அம்மா, “போங்கய்யா, போய் எடுங்க,” என்றாள். பிள்ளை விளையாடப் போகக் கேட்டால் சொல்வது போல.

அவருடைய மனைவி கொழும்புப் பக்கம் வத்தளையில் மகனோடு இருந்தார். இங்கே இருந்தவர்தான், ஒரு வருசம் தாக்குப்பிடித்தார். போகும்போது அம்மாவிடம், “கறுப்புத் துணி தொங்குற வீட்ல எத்தன நாளக்கிக்கா இருக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை நான் ஒருபோதும் தவறாக நினைத்ததில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழாம் நம்பர் மலையில் ஒரு காலைப்பொழுதில் குளவி கலைந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல, அடிக்கடி நடக்கிறதுதான். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் மூடிக்கொண்டு குப்புறப் படுத்தவர்கள் தப்பினார்கள். அக்கா ஓடினாள். லயத்தின் பக்கம் ஓடியிருந்தால் ஆட்கள் இருந்தார்கள். கண்ணைக் குளவி மூடியிருக்க வேண்டும், அவள் எதிர்த் திசையில், ஓடைக்கு மேலே காட்டுப் பக்கமாக ஓடினாள். சத்தம் கேட்டு ஃபெக்டரியில் இருந்து ஓடிவந்தவர்களில் காட்டுக்குள் போனது ஐயா ஒருத்தர்தான். குளவி இன்னும் அடங்கவில்லை. அவர் தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான்களைத் தாண்டித் தாண்டி லொறிக்கு வந்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலை அவர் மடியில்தான் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் அக்கா போய்விட்டாள்.

பெட்டி வாங்கியது, லொறி கொடுத்தது, வந்தவர்களுக்குத் தூளும் சீனியும் அனுப்பியது எல்லாம் அவர். முகமும் கையும் வீங்கி, ஒரு கண் திறக்க முடியாமல், எங்கள் இஸ்தோப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். எங்கள் அப்பா இருந்திருந்தால் எப்படியோ, அப்படித்தான் அன்றைக்கு அவர் இருந்தார். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. நான் எத்தனையோ முறை கழித்துப் பார்த்துவிட்டேன்.

செத்த வீட்டில் கருமாதி வரைக்கும் லைட் எரியும். எல்லார் வீட்டிலும் எரிவதுதான். அம்மாவுக்கு அது சடங்கு இல்லை, பயம். பெரியவள் வீட்டில் சாகவில்லை. மலையில் கண் தெரியாமல் ஓடி, எங்கோ ஒரு கட்டிலில் உயிர் போனது. அப்படிப் போன உயிர் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும், வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திரும்பி வரும் என்று அம்மா நம்பினாள். எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்த அன்றே பெஞ்சில் ஏறி, பல்புக்கு மேல் இருந்த தகரத் தொப்பியைத் தன் கையால் கழற்றினாள். பக்கத்து வீட்டில் ஒரு பெரிய பல்ப் வாங்கி மாட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏழாம் நம்பருக்குப் போயி பாத்துட்டு வாடி, வீடு தெரியுதான்னு,” என்றாள்.

நான் படித்தவள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிய அந்தக் காட்டோரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். பனிக்கு நடுவில் மஞ்சளாக எங்கள் வீடு மட்டும் தெரிந்தது. மற்ற எல்லா வீட்டுக்கும் தொப்பி இருந்ததே. திரும்பி வந்து, “நல்லாத் தெரியுதும்மா,” என்றேன். அம்மா அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

அந்த நாட்களில் வானத்தில் ஒரு வால்வெள்ளி வந்திருந்தது. ஐயா மாதக்கணக்காக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பொழுது விழுந்ததும் மேற்கில், ஏழாம் நம்பர் மலைக்கு நேர் மேலே கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு மறைந்துவிடும் என்று அக்காவிடம் கைகாட்டிச் சொல்லியிருந்தார். அது வந்த வாரத்தில் எங்கள் வீட்டில் சாவு, வானத்தில் மழை. ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டிருந்ததாம், மேகத்துக்குப் பின்னால். நாங்கள் அதை மறந்தே போனோம். அவர் மறக்கவில்லை.

ஒரு பின்னேரம் மழை விட்டது. காற்று அடித்து மேகத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு போயிற்று. பனி மட்டும் ஓடைப் பள்ளத்தில் தேங்கி நிற்க, அதில் எங்கள் பல்பின் வெளிச்சம் பட்டுப் பள்ளம் முழுக்கப் பால் ஊற்றினது போல் வெளுத்திருந்தது. நான் வாசல் கூட்டிவிட்டு நிமிர்ந்தேன். படியில் ஐயா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

“அம்மா…” என்றார். பிறகு, “கொஞ்சம்…” அவ்வளவுதான் வந்தது. கையைக்கூட மூடிக் காட்டவில்லை. அந்தக் கையில் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

அம்மா உள்ளே இருந்து வந்தாள். அவரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். “வெளிச்சிருச்சுங்களாய்யா?” என்று கேட்டாள்.

“இன்னைக்கி ஒருநாத்தானுங்கம்மா. நாளக்கி மலைக்குப் பின்னால போயிரும். பொறகு அது வராது. நம்ம பேரப்புள்ளைங்க காலத்திலயும் வராது.”

நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன். “வராததுக்காக இங்க வந்து நிக்கிறீங்களாய்யா?” என்றேன். “எங்க வீட்ல ஒருத்தி வரணும்னுதான் லைட்டப் போட்டு வச்சிருக்கோம். ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் முகம் செத்துப்போனது. தலையைக் குனிந்துகொண்டார். “தப்பு புள்ள. தப்புத்தான். வேணாம், எரியட்டும்,” என்று சொல்லித் திரும்பினார். உண்மையாகத்தான் சொன்னார். இரண்டு படி ஏறியும்விட்டார். அதோடு போயிருந்தால் நான் இன்றைக்கு இந்த மனிதரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

“நில்லுங்கய்யா,” என்றாள் அம்மா.

உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள். வாசல் இருண்டது. நான் பாய்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறித்துக் காய்ச்சுப்போன கை, அதை உதற முடியாது.

“விடும்மா. ஒனக்கென்ன பைத்தியமா?”

“எம்புள்ளய நெஞ்சோட அணச்சுத் தூக்கிட்டு ஓடிவந்த மனுசன்டி. அவரு வாய் தொறந்து கேட்டு நான் எப்புடி இல்லன்னு சொல்லுவேன்?”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. படிகளில் காலடி. வேணாம் என்று சொன்ன மனிதர், லைட் போன அந்த நொடியில், மேட்டுக்கு ஓடினார். வயது போனவர், வீங்கின உடம்பு, மழையில் ஊறி வழுக்குகிற படி. கல் உருள உருள ஓடினார். அவர் கேட்டதைக்கூட நான் மன்னித்திருப்பேன். அந்த ஓட்டத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் வீடு இருண்டதைப் பார்த்து, ஐயா கேட்டிருப்பார் என்று பக்கத்து வீட்டாரும் ஓஃப் பண்ணினார்கள். அப்படியே லயம் முழுக்க. அம்மா என் கையை விடாமலே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் மலைக்கு மேலே அந்த வால்வெள்ளி நின்றது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க பெரியவ,” என்று மெதுவாகச் சொன்னாள். “அங்கனயே நில்லு. அசையாத. ஐயா வேலைய முடிச்சிக்கிரட்டும், போட்டுர்றேன்.”

வேலை முடிந்து மேட்டில் சிவப்பு டோர்ச் அசைந்ததும் எழுந்துபோய் லைட்டைப் போட்டாள். கருமாதி வரைக்கும் அது எரிந்தது. ஐயா திரும்பக் கேட்கவில்லை.

படம் அருமையாக வந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பத்திரிகையில் போட்டார்கள். யாரோ வெளிநாட்டில் இருந்தெல்லாம் பாராட்டி எழுதினார்களாம். கருமாதி முடிந்து சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹட்டனில் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்த பெரிய படம், பழைய பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்திருந்தார்.

“இது ஒங்களுக்குத்தாங்கம்மா,” என்றார். “ஒங்களாலதான் இந்தப் படம். எங்க போட்டாலும் மொதல் வார்த்தையா அதத்தான் சொல்றேன்.”

பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. வால்வெள்ளியின் வால் பாதி வானத்துக்கு விரிந்து கிடந்தது. அதற்குக் கீழே ஏழாம் நம்பர் மலையின் விளிம்பு, அதில் நிற்கிற மரங்கள் ஒவ்வொன்றும் கத்தரித்து ஒட்டினது போல. காட்டோரம்கூடத் தெரிந்தது. அதற்கும் கீழே படத்தின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு.

அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கதவுப் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிமிர்த்திப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கண் கீழேயே தேடிக்கொண்டிருந்தது.

“இதுல நம்ம வீடு எங்கங்கய்யா இருக்கு?”

ஐயா ஆசையாகக் குனிந்தார். கண்ணாடியில், கறுப்பின் நடுவில் விரலை வைத்தார். “இங்கனதாங்கம்மா. பணிய லயம் முழுசும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு பொட்டு வெளிச்சம் மேல வரல. அதனாலதான் படம் இம்புட்டுச் சுத்தமா வந்திச்சு.”

அம்மா அந்த இடத்தை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடியைச் சாய்த்தும் பார்த்தாள்.

“அப்படின்னா அங்கன ஏழாம் நம்பர்ல நின்னு பாத்தா, அவளுக்கும் வீடு தெரிஞ்சிருக்காதுங்களேய்யா?” என்று கேட்டாள்.

அவள் குத்திப் பேசுகிறவள் இல்லை. அவளுக்கு அது உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. இதையெல்லாம் அறிந்தவர் எங்கள் தோட்டத்தில் அவர் ஒருத்தர்தான். படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.